லிஃப்ட் மணியை அடித்தது யார்?

எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. இதைச் சொன்னதும் எல்லாரும், "பரவாயில்லையே, காத்து நல்லா வருமே" என்பார்கள். காற்று வரும். நான் வர வேண்டாமா? புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நூற்று அறுபத்திரண்டு படி ஏறி வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

லிஃப்ட் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் போன திங்கட்கிழமை அதன் கதவுகளுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். "பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் லிஃப்டில் ஏறக் கூடாது. யாரோ அபாய மணியை அடித்து விளையாடுகிறார்கள். இப்படிக்கு, செயலாளர்."

எனக்குப் பத்து வயது. வீட்டில் என்னை ரேடியோ என்று கூப்பிடுவார்கள், நிறுத்தாமல் பேசுவேனாம். அந்தக் காகிதத்தைப் படித்ததும் ரேடியோவே ஊமையாகிவிட்டது. ஏனென்றால் அந்த மணியை நான் தொட்டதுகூட இல்லை.

அபாய மணி என்பது லிஃப்டுக்குள் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தான். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் அதை மூன்று விநாடி அழுத்த வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஓட்டைத் தகட்டிலிருந்து ஒரு குரல், எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேட்கும். மொழியைச் சொன்னால் அந்த மொழி தெரிந்தவர் பேசுவார். எங்கோ ஓர் அலுவலகத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்துச் செயலாளர் இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். அதனால் பிள்ளைகள் நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் சாவிக்கொத்துதான். நேராகப் போய் அவரிடம் சண்டை போட்டேன்.

"சார், நாங்க யாரும் அடிக்கலை. பதினாலு பிள்ளைங்களையும் விசாரிச்சிட்டேன்."

"அப்போ யார் அடிச்சா, பேயா?" என்றார் அவர்.

"எத்தனை மணிக்கு அடிக்குதாம்?"

"பாதி நாள் காலைல பதினொரு மணி வாக்குல."

"பதினொரு மணிக்கு நாங்க பள்ளிக்கூடத்துல இருப்போமே சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "லீவு நாள்லயும் அடிக்குது," என்று சொல்லிவிட்டுச் சாவிகள் குலுங்கப் போய்விட்டார். பெரியவர்களுக்குப் பதில் தெரியாவிட்டால் வேலை வந்துவிடும்.

அப்போதே முடிவு செய்தேன். சனிக்கிழமை விடுமுறை. அன்று அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் போர்வைக்குள் இருந்தான். பத்தரை மணிக்கு நான் வெளியே வந்து ஒவ்வொரு மாடியாக இறங்கிப் பார்த்தேன். சந்தேகப்படும்படி ஒருவரும் இல்லை. இரண்டாவது மாடியில் இருக்கும் வயதான தையல்காரர் மட்டும் வாசலில் நின்று யாரும் இல்லாத வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு வந்தபோது மணி பதினொன்று.

லிஃப்ட் எங்கள் மாடியிலேயே மூடிக்கொண்டு நின்றது. கதவுக்கு மேலே 9 என்ற எண் எரிந்தது. உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"ஆமாம்மா, நின்னு போச்சு."

"எத்தனை பேர் இருக்கீங்க ஐயா?" இது தகட்டுக்குள்ளிருந்து வரும் பெண் குரல்.

"நான் ஒரே ஆள்தான்."

"மூச்சு விடச் சிரமமா இருக்கா? பயமா இருக்கா?"

"இப்போ இல்லம்மா."

"சரிங்க ஐயா. நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருப்பேன். பேசிக்கிட்டே இருங்க."

"சரி சரி," என்றது அந்தக் குரல், அவ்வளவு சந்தோஷமாக. "நேத்து இருமிக்கிட்டே இருந்தியே, இப்போ குறைஞ்சுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அது என் தாத்தாவின் குரல்.

தாத்தா அப்பாவின் அப்பா. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எங்களோடு இருப்பதற்காக விமானம் ஏறி இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் நம்முடைய பேச்சைத் தவிர வேறு மொழி பேசி நான் கேட்டதில்லை. இந்த ஊர் மொழியில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. அவர் உள்ளே தன் அறையில் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. தாத்தா என்னைப் பார்த்தார். திரும்பவும் லிஃப்டுக்குள்ளேயே போய்விடலாமா என்று பார்த்தார் போல.

"தாத்தா," என்றேன்.

"உங்க அப்பாகிட்ட சொல்லிடாதம்மா," என்றார் தாத்தா.

"லிஃப்ட் நிக்கவே இல்லையே தாத்தா."

"முதல் தடவை நிஜமாவே நின்னுச்சு. நாப்பது நிமிஷம் உள்ளயே இருந்தேன். அந்தப் பொண்ணுதான் பேசிக்கிட்டே இருந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

தாத்தா தன் கால் விரல்களைப் பார்த்தார். "அதுக்கப்புறம் நிக்கலை."

"நீங்க பொய் சொல்றது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். ஆனா மாட்டிக்கிட்டேன்னு ஒருத்தர் சொன்னா அவங்களா லைனைத் துண்டிக்கக் கூடாதாம். அது அவங்க ஆபீஸ் விதி."

"தாத்தா, நல்லா இருக்கீங்களான்னு கேக்கிறது அவங்க வேலை. சம்பளத்துக்குக் கேக்கிறாங்க."

"தெரியும்மா. டிக்கெட் டிக்கெட்னு கேக்கிறதும் எனக்கு வேலைதான். அதுக்காக நான் ஜனங்ககூடப் பேசினதெல்லாம் பொய்யா?"

எனக்குக் கோபம் வந்தது. "அதான் வீட்டுல நாங்க எல்லாரும் இருக்கோமே," என்றேன்.

தாத்தா, "இருக்கீங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாக வீட்டுக்குள் போனார்.

அந்த 'இருக்கீங்கம்மா' எனக்கு என்னவோ போல இருந்தது. நான் விடுவேனா? நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நேற்று நாங்கள் தாத்தாவிடம் பேசியதையெல்லாம் ஞாபகப்படுத்தி எழுத ஆரம்பித்தேன். நாங்கள் எவ்வளவு பேசுகிறோம் என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான்.

அம்மா: "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கதவைப் பூட்டிக்கோங்க." அப்பா: "மாத்திரை போட்டாச்சா?" அண்ணன்: "தாத்தா, கால்." சோஃபாவில் உட்காரக் காலை எடுக்கச் சொன்னான். அவ்வளவுதான்.

அடுத்து என் முறை. பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நேற்று நான் தோழியோடு போனில் பேசினேன். அம்மாவோடு சண்டை போட்டேன். அண்ணனைப் பற்றிப் புகார் சொன்னேன். மீன்தொட்டியில் இருக்கும் மீனுக்குக்கூட, "தின்னுட்டுத் தூங்கு, கொடுத்து வச்சவ நீ" என்று சொல்லியிருக்கிறேன். தாத்தாவிடம் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கே ரேடியோ நான். தாத்தாவின் அறையில் மட்டும் அது எட்டு மாதமாக அணைந்து கிடக்கிறது.

அன்று சாயங்காலம் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது சாவிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் செயலாளர். கையில் ஒரு கடிதம்.

"லிஃப்ட் கம்பெனிலருந்து வந்திருக்கு," என்று அப்பாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினார். "இந்த மாசம் உங்க கட்டடத்துலருந்து இருபத்திரண்டு அழைப்பு. அதுல ஒண்ணே ஒண்ணுதான் நிஜம். ஒரு நாள் இந்த மாதிரிப் பொய் அழைப்பு ஓடிக்கிட்டிருந்தப்போ, வேற ஒரு கட்டடத்துல கைக்குழந்தையோட ஒரு அம்மா பதிலுக்காகப் பன்னிரண்டு நிமிஷம் இருட்டுல காத்திருந்தாங்க."

"அடக் கடவுளே," என்றாள் அம்மா.

"பேச்சையெல்லாம் பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க. ஒண்ணு போட்டுப் பார்த்தேன். உங்க மொழி மாதிரி இருந்துச்சு, புரியலை, நிறுத்திட்டேன். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கீழ் ஹாலில் கூட்டம். எல்லாருக்கும் முன்னாடி போடப் போறேன். யார் குரல்னு தெரிஞ்சுடும் இல்ல? உங்க பொண்ணுக்கு ரெண்டு மொழியும் நல்லா வரும். மொழிபெயர்க்க அவளை அனுப்புங்க."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கண்டிப்பா அனுப்புறேன். நாங்களே கூட்டிட்டு வர்றோம்," என்றார்.

தாத்தா சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பேசிய மொழி புரியாததால் செயலாளரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். செயலாளரும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனார். நாளைக்கு ஊரே கூடியிருக்கும் இடத்தில் இவர் குரல் ஒலிக்கப் போகிறது. தாத்தா தலைகுனிந்து நிற்க, அவர் பேசியதை நான்தான் வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாத்தாவைப் பால்கனிக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காகிதமா? லிஃப்டுகிட்ட ஒட்டியிருக்கே, அதுவா?" என்றார் தாத்தா. "குப்பை போடாதீங்கன்னு போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

"எங்களை லிஃப்டுல ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு தாத்தா."

தாத்தா என்னை உற்றுப் பார்த்தார். "நீ ஒரு வாரமா வேர்த்து விறுவிறுத்து வந்தது என்னாலயா? விளையாடிட்டு வர்றேன்னு நினைச்சேனே."

பிறகு அந்தக் கைக்குழந்தையைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் அதை மறைத்தால் பாதி உண்மைதானே? தாத்தா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கைக்குழந்தையோட யாராச்சும் ஏறினா, அவங்க உட்கார்ற வரைக்கும் நான் விசில் கொடுக்க மாட்டேன்மா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை. எனக்குத் தெரியாதேம்மா இது." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி அவர் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

"கூட்டத்துல போட்டு உடைக்கிறதுக்கு முன்னாடி நாமளே அப்பாகிட்ட சொல்லிடலாம் தாத்தா," என்றேன்.

அப்பா மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, காதில் போனை வைத்துக்கொண்டிருந்தார். தாத்தா பக்கத்தில் போய் நின்று, "தம்பி" என்றார். அப்பா திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். தாத்தா நின்றார். பத்து நிமிஷம் நின்றிருப்பார். பிறகு அப்பா அந்த விரலாலேயே கணினியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். தாத்தா சத்தம் போடாமல் தன் அறைக்குப் போய்விட்டார். மத்தியானம் நான் போய்க் கேட்டேன். எனக்கும் விரல்தான் கிடைத்தது.

ஐந்து மணிக்குக் கீழ் ஹாலில் நாற்காலிகளெல்லாம் நிறைந்துவிட்டன. தாத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். "நீங்க எதுக்குப்பா? ஒண்ணும் புரியாதே," என்றார் அப்பா. "பேத்தி பேசுறதைப் பார்க்கத்தான்," என்றார் தாத்தா.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வாய் தவறிச் சொன்னதுபோல வேறு எதையாவது மொழிபெயர்த்துவிடலாம். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மொழி தெரியும், குரலும் தெரியும். அவர்கள் கண்டுபிடித்துத் தாத்தா அவமானப்படுவதைவிட நாமே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. தாத்தாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றேன். "இதுல என் தாத்தா குரல் இருக்கு. அவருக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது. அந்தக் குழந்தையைப் பத்தி அவருக்கு இன்னைக்குத்தான் தெரியும். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வந்திருக்கார்."

அப்பா பாதி எழுந்து, பாதி உட்கார்ந்தபடி அப்படியே நின்றார். தாத்தா எழுந்து கை கூப்பினார்.

செயலாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவசரமாகப் பொத்தானை அழுத்திவிட்டார். தாத்தாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"'வீட்டுல யாருமே இல்லையா ஐயா'ன்னு அவங்க கேக்கிறாங்க. 'இருக்காங்கம்மா, என் மகன் தங்கமான பையன்'னு தாத்தா சொல்றார். 'அவனுக்கு வேலை ஜாஸ்தி. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழட்டுவான். ஒண்ணொண்ணா வச்சான்னா நல்லா இருக்கான். ரெண்டையும் தொப்புனு போட்டான்னா களைச்சுப் போயிருக்கான். தொப்புனு கேட்டா நான் வெளியவே வர மாட்டேன், எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? இப்போ பாதி நாள் தொப்புதான்மா.'"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன் வரிசையில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

"சரி, ஆள் தெரிஞ்சாச்சு. போதும்," என்று செயலாளர் அணைக்கப் போனார்.

"அம்மாடி," என்று தாத்தா என்னைக் கூப்பிட்டார். "நான் பொய்யா அடிச்சது எட்டுத் தடவைதான்னு சொல்லு." கண்டக்டர் அல்லவா, எண்ணிக்கை தப்பாது.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "சார், மொத்தம் இருபத்திரண்டு. தாத்தா லிஃப்டுல நிஜமாவே மாட்டினது ஒண்ணு, பொய்யா எட்டு. மீதி பதிமூணு யாரு?"

செயலாளர் விழித்தார். அடுத்ததை அழுத்தினார். ஒரு கிழவர் குரல், நாங்கள் யாருமே கேட்டிராத ஒரு மொழி. ஹாலில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் மாடித் தையல்காரர் எழுந்தார். இந்த ஊர் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசினார்.

"அது நான். அந்த அம்மா கோட்டுல பட்டன் போச்சு. எப்படித் தைக்கிறது, நான் சொன்னேன். நாலு நாள் சொன்னேன்."

"ஒரு பட்டனுக்கா நாலு நாள்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கோட்டுக்கு நிறையப் பட்டன் இருக்கு," என்றார் தையல்காரர். சிரிப்பு எழுந்தது, அவரும் கூச்சத்தோடு சிரித்தார்.

செயலாளருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எவ்வளவு பேர் இப்படிக் கிளம்பியிருக்கீங்க?" என்று கடுகடுத்தபடி அடுத்ததை அழுத்தினார்.

ஒரு பாட்டியம்மாவின் மெல்லிய குரல். இதுவும் வேறொரு மொழி. எனக்குப் புரியவில்லை. திரும்பிச் செயலாளரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதும் சலசலக்கும் அந்தச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"சார்?" என்றேன்.

"இது எங்க அம்மா," என்றார்.

பாவம், என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் மெதுவாகக் கேட்டேன். "என்ன சொல்றாங்க சார்?"

இப்போது மொழிபெயர்ப்பது அவர் முறையாகிவிட்டது. நின்று நின்று சொன்னார். "'என் மகன் இந்தக் கட்டடத்துக்கே செயலாளர்மா. எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவான், உங்க குழாய் ஒழுகுதா, உங்க விளக்கு எரியுதான்னு கேப்பான். என் அறைக்கும் வருவான். விளக்கு எரியுதான்னு பார்ப்பான். எரிஞ்சா போயிடுவான்.'"

அவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய், ஹால் வாசலுக்கு எதிரே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த காகிதத்தைக் கிழிக்கக் கை வைத்தார்.

"சார், அதை எடுக்காதீங்க," என்றேன்.

பிள்ளைகள் பதின்மூன்று பேரும் என்னைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார்கள்.

"பெரியவங்க துணையில்லாம நாங்க ஏறக் கூடாதுன்னே இருக்கட்டும். நாங்க பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எல்லார் வீட்டுலயும் அப்பா அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க. எங்களுக்குத் துணை வேணும். இவங்களுக்குப் பேச ஆள் வேணும்."

"பாஷை தெரியாதே, எப்படிப் பேசிப்பாங்க?" என்றார் ஓர் அம்மா. நான் அதைத் தாத்தாவிடம் சொன்னேன்.

"எத்தனை பாஷைக்காரங்களுக்கு டிக்கெட் கொடுத்திருக்கேன்," என்றார் தாத்தா. "விரல் இருக்கு, தலை இருக்கு, சிரிப்பு இருக்கு. அப்புறம் என்ன?"

அன்று சாயங்காலம் கடைசியாக ஒன்று நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் மறுநாள் கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வந்தபோது தாத்தா லிஃப்ட் வாசலில் சட்டைப் பையில் பேனாவோடு நின்றார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு. ஏழாவது மாடி யாரு? பையைக் கழட்டிக் கையில பிடி," என்றார். ஒருவருக்கும் மொழி புரியவில்லை, ஒருவரும் தப்பான மாடியில் இறங்கவும் இல்லை. காலைகளில் செயலாளர் ஹாலைத் திறந்து விடுகிறார். தையல்காரர் தன் தையல் மெஷினைக் கீழே கொண்டுவந்துவிட்டார். செயலாளரின் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது தாத்தாவின் வேலை. மூன்று பேரும் மூன்று மொழியில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியபோது, "அந்தப் பொண்ணு இருமலுக்கு மருந்து சாப்பிடணும்னு ஒரு வரி சேர்த்துக்கோ," என்று தாத்தா சொன்னார். சேர்த்துவிட்டேன்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து எல்லாரும் லிஃப்ட் வாசலில் நின்றோம். லிஃப்ட் வந்ததும் அப்பா தாத்தாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நாங்கள் ஏறப் போனபோது, "நீங்க அடுத்ததுல வாங்க," என்றார்.

எண் ஒன்பதுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கீழே வந்தது. கதவு திறந்தால், இரண்டு பேரும் இறங்காமல் உள்ளேயே இருந்தார்கள். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. போன், சட்டைப் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை. தாத்தா எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எங்களைப் பார்த்தார், ஆனால் எங்களைப் பார்த்ததாகவே தெரியவில்லை. திரும்பவும் ஒன்பதை அழுத்தினார். கதவு மூடிக்கொண்டது.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"லிஃப்ட் இன்னைக்கு வேலை செய்யலை," என்றார் செயலாளர், கீழ்த்தளத்தில் இருக்கும் தன் வீட்டு வாசலிலிருந்து. "எல்லாரும் படியில போங்க." சொல்லிவிட்டு உள்ளே அம்மாவிடம் போய்விட்டார்.

நாங்கள் படியேறினோம். எந்த மாடிக்குப் போனாலும் லிஃப்ட் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் அப்பாவின் குரல் ஒரு தடவை, தாத்தாவின் சிரிப்பு ஒரு தடவை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்தாள். "ஆறிப் போயிடும். போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்று சொல்லிவிட்டு, நான் இரண்டு தட்டுகளையும் மூடி வைத்தேன். அவர்கள் வீட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆனது.